ஆறு எண்ணுற வரைக்கும்

எல்லாரும் சௌக்கியமா? மூச்சு நல்லா விடுறீங்களா? இன்னிக்கு எனக்கு அதத்தான் கேக்கத் தோணுது.

சாயங்கால வெயில் சமையலறை மேஜையில சாஞ்சு கெடக்கு. காட்டுத்தீ அணைக்கிற எம்மருமகன் பதினாலு நாள் கழிச்சு வந்து உக்காந்திருக்காரு. ரெண்டு தடவ தலைக்குக் குளிச்சும் புகைவாடை போகல. முகத்துல கட்டியிருந்த கைக்குட்டை வாளியில ஊறுது, தண்ணி மையாட்டம் கறுத்துக் கெடக்கு. "நனைச்சுக் கட்டினா புகை உள்ள போகாது அத்தை"ன்னு பதினஞ்சு வருஷமா சொன்ன மனுஷன். நாளைக்கு ஆபீஸ்ல மூச்சுப் பரிசோதனை. ஒரே மூச்சுல ஆறு எண்ணுற வரைக்கும் குழாயில ஊதணும். முடியலன்னா இனிமே தீப்பக்கம் அனுப்ப மாட்டாங்க. அதுக்குத்தான் டம்ளர் தண்ணியில ஸ்ட்ராவ விட்டு ஊதிப் பாக்குறாரு. மேஜைமேல ஏறி உக்காந்த பேத்தி எண்ணுறா. "ஒண்ணு... ரெண்டு... மூணு..." குமிழி நின்னுபோகுது. இருமல். எம்பொண்ணு திரும்பாம தேய்ச்ச சட்டியையே தேய்க்கிறா.

"திமிங்கிலமாட்டம் ஊதுவீங்களே அப்பா, என்னாச்சு?"

"திமிங்கிலத்துக்கு வயசாயிடுச்சுடி."

மறுபடி ஊதுறாரு. "ஒண்ணுரெண்டுமூணுநாலஞ்சாறு!" பேத்தி கடகடன்னு கொட்டிட்டுக் கைதட்டுறா. "அப்பா பாஸு!" அவரு சிரிக்கிறாரு, சிரிப்பே இருமலாயிடுது. எம்பொண்ணு டம்ளர வாங்கிக் கவுக்குறா. "நாளைக்கு மெஷின்தானே எண்ணப்போகுது. அதுக்கு என்ன, இவரு அப்பாவா?"

அவரு எந்திரிச்சுப் போயி வாளியில கெடந்த கைக்குட்டையப் பிழியுறாரு.

உங்க வீட்லயும் இப்படி வேகமா எண்ணுற ஆளு இருந்தா எனக்கு எழுதுங்க.