சிவசம்புவின் கொசுப் பிரசங்கம்

"அந்தத் தோட்டத்துச் சனத்துக்கு மண்டையில ஒண்டும் ஏறாது. பிரசங்கத்தை நிப்பாட்டுவம்."

குளுவாங் தமிழர் சேவா சங்கத்தின் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் காரியதரிசி கனகசுந்தரம் இப்படிச் சொன்னதும் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் வழக்கமாக வடைக்கு மட்டும்தான் அப்படி ஏகமனதான ஆதரவு கிடைக்கும்.

சங்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து குளுவாங்குக்கு வந்து ரயில்வேயிலும் தபாலாபீசிலும் உத்தியோகம் பார்த்தவர்கள். ஊருக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. என்ன நல்லது என்பதில்தான் வாரா வாரம் சண்டை.

சண்டையில்லாமல் நடந்து வந்த ஒரே காரியம் சிவசம்புவின் பிரசங்கம்.

சிவசம்பு சர்வே ஆபீசில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் கோட்டை மாட்டிக்கொண்டு பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் புறப்பட்டுவிடுவார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் சனங்களை உட்கார வைத்து மலேரியாக் காய்ச்சலைப் பற்றிப் பேசுவார். தண்ணீரைத் தேங்க விடாதே, பீப்பாயை மூடி வை, கொய்னா மாத்திரையைத் துப்பாமல் விழுங்கு. இவ்வளவுதான் விஷயம். அவர் சொன்னால் ஒரு மணி நேரம் பிடிக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை கனகசுந்தரமும் கூடப் போயிருந்தார். பேச்சு முடிந்ததும், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வீரமுத்து எழுந்து, கொசு எங்கே முட்டை போடுகிறது என்று கேட்டார். அதைத்தான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார் சிவசம்பு. ஆனாலும் சலிக்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் முடித்த கையோடு அங்கம்மா எழுந்து, காய்ச்சல் எதனால் வருகிறது என்று கேட்டாள். மறுபடியும் முதலிலிருந்து. பொழுது சாயும் வரை இதே கதை. விசாரித்தால் ஒவ்வொரு வாரமும் இப்படித்தானாம்.

அன்றைய கூட்டத்துக்குச் சிவசம்பு வரவில்லை. தங்காக் என்ற ஊரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அதனால் தாட்சண்யம் பார்க்காமல் தீர்மானம் போட்டார்கள். முதலில் தோட்டத்தில் சொல்லிவிடுவது, அப்புறம் சிவசம்புவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்வது என்று முடிவாயிற்று. இரண்டும் கனகசுந்தரத்தின் தலையில் விழுந்தன.

மறுநாள் ஆபீஸ் விட்டதும் சைக்கிளில் தோட்டத்துக்குப் போனார்.

லயத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர்ப் பீப்பாய் ஒவ்வொன்றுக்கும் வாயில் துணி கட்டியிருந்தது. கால்வாயில் ஒரு சருகு இல்லை. பழைய தகர டப்பாக்களையெல்லாம் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். பிரசங்கத்தில் வரும் ஒரு சொல்லைக்கூட விடவில்லை.

வீரமுத்து ஓடி வந்து முக்காலியைத் துடைத்துப் போட்டார். கனகசுந்தரம் உட்காரவில்லை. எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு, ஒரு வயதான மனிதரை வாரா வாரம் கேலி செய்கிறீர்களா என்று கோபமாகக் கேட்டார்.

வீரமுத்துவின் முகம் சுருங்கிப் போயிற்று.

"கேலி இல்லீங்கய்யா. ஐயா வீட்டுப் பெரியம்மா இருந்த வரைக்கும் ஐயா பேசி முடிச்சதும் கெளம்பிடுவாரு. அவங்க தவறிப்போன பொறவு வந்தாரு பாருங்க, அன்னைக்குப் பேசி முடிச்சிட்டும் போகாம நின்னுக்கிட்டே இருந்தாரு. ஒடம்புக்கு முடியலையான்னு எங்க வீட்டுக் கிருஷ்ணம்மா கேட்டா. வீட்டுக்குப் போனா பேச ஆளில்லைன்னு சொன்னாருங்க."

கனகசுந்தரம் முக்காலியில் உட்கார்ந்தார்.

"அதான், பேச்சு முடியாமப் பாத்துக்கிறோம்" என்றார் வீரமுத்து. "வீட்டுக்கு ஒரு ஆளு, முறை வச்சுக் கேள்வி கேக்குறோம்."

உள்ளேயிருந்து கிருஷ்ணம்மா மிச்சத்தைச் சொன்னாள். சாப்பிடக் கூப்பிட்டால் ஐயா கௌரவம் பார்ப்பாராம். மரவள்ளிக்கிழங்கு சரியாக வெந்திருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள் என்று தட்டில் வைத்துக் கொடுத்தால், பார்த்துப் பார்த்தே தட்டைக் காலி செய்துவிடுவாராம்.

சிவசம்பு தனியாக இருக்கும் வீடு கனகசுந்தரத்தின் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான். சிவசம்புவின் மனைவியின் காரியம் முடிந்த பிறகு அந்தப் படி ஏறியதாக அவருக்கு ஞாபகம் இல்லை.

என்ன விஷயமாக வந்தீர்கள் என்று வீரமுத்து கேட்டார்.

"ஒண்டுமில்லை. சும்மா வந்தனான்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, சிவசம்பு வருவதற்கு முன்பே கனகசுந்தரம் மற்ற அங்கத்தினர்களைப் பார்த்துப் பேசி முடித்திருந்தார். கூட்டம் தொடங்கியதும் எழுந்து, தோட்டத்துச் சனங்களுக்கு இன்னும் ஒன்றுமே விளங்கவில்லை, பிரசங்கத்தை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது, இனிமேல் வாரம் ஓர் அங்கத்தினர் சிவசம்புவுக்குத் துணையாகப் போய்வர வேண்டும் என்று சொன்னார். எல்லோரும் கை தூக்கினார்கள். வடை அன்று இன்னும் வந்திருக்கவில்லை.

சிவசம்பு கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"நான் இதை எப்பவோ கண்டுகொண்டனான்" என்றார் இரக்கத்தோடு. "பாவங்கள். நானும் போகாட்டில், அதுகளோட கதைக்க ஆர் இருக்கினம்?"