பின்சீட்டுக் கல்

பெல்ட் போடாமல் யார் உட்கார்ந்தாலும் என் கார் கத்தும். வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டுக் கிளம்பும்போது, தம்பி அங்கிருந்து உள்ளங்கை அளவுக் கூழாங்கல் ஒன்றை எடுத்துவந்து பின்சீட்டில் போட்டான்.

"பாத்ரூம்ல வெச்சா ஹீட்டர் செலவு மிச்சம்க்கா."

வண்டியைக் கிளப்பியதும் பின்சீட்டுக்காகக் கார் கத்தத் தொடங்கியது. அங்கே அந்தக் கல்லைத் தவிர எதுவும் இல்லை.

"கையை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடா? எடுத்த இடத்துலயே வெச்சிட்டு வா!"

முணுமுணுத்துக்கொண்டே போனான். வெகுநேரம் கழித்து, காய்ந்திருந்த தலை மறுபடி சொட்டச் சொட்ட வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். கோபம்போல, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பாதி தூரம் வந்த பிறகுதான் பார்த்தேன். அவன் பெல்ட் போடவில்லை.

கார் கத்தவே இல்லை.