பதில்கள் மட்டும்

நூலகத்தின் கீழ்த்தளத்தில் மைக்ரோஃபிலிம் கருவி மெல்ல முனகிக்கொண்டிருக்கிறது. எழுபது வருடத்துக்கு முந்தைய ஒஸ்லோ பத்திரிகை ஒன்றின் பெண்கள் பக்கங்கள் சாம்பல் நிற ஆறாகத் திரையில் வழுக்கிப் போகின்றன. தொப்பிகள், பின்னல் மாதிரிகள், நடுவே ஆல்மா என்ற புனைபெயரில் ஒருத்தி எழுதிய ஆலோசனைப் பத்தி. அவளைப் பற்றித்தான் சாருகாவின் ஆய்வு. ஆல்மா வாசகியரின் கடிதங்களை அச்சிடுவதேயில்லை, பதில்கள் மட்டுந்தான். அடுத்த அறையில் யாரோ தொலைபேசியில் பேசுவதை ஒட்டுக்கேட்பது போலிருக்கிறது. மூன்று மணிக்கே நீலம் பாய்ந்துவிட்ட சின்ன ஜன்னலில் பனி ஓசையில்லாமல் அப்புகிறது. சுருளைச் சுற்றும் விரல் சட்டென்று நிற்கிறது. 'லில்லெஸ்ட்ரோம் மகளுக்கு: வாசலில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டாம். உள்ளே போய் மேலங்கியைக் கழற்றி மாட்டுங்கள். காப்பி இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள்.' சாருகா அதை மூன்று தரம் வாசிக்கிறாள். அவளுடைய அம்மா இருப்பதும் ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான அதே லில்லெஸ்ட்ரோமில்தான். சண்டை போட்டுப் பேச்சு நின்று எட்டு மாதமாகிறது. திரையை அணைக்காமலே படிக்கட்டுக்கு வந்து கைப்பேசியைக் காதில் வைக்கிறாள். வெறும் படிகளில் அவள் குரல் மட்டும் ஏறி இறங்குகிறது. "அம்மா, நான்தான். வீட்டிலை தேத்தண்ணி இருக்கோ?" கைப்பேசியைக் காதோடு அழுத்திக் கேட்கிறாள். பிறகு, "இல்லையம்மா, நான் அழேல்லை." பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஓம். சாப்பாட்டுக்கும் நிப்பன்."