வெள்ளைப் பலகையில் ஐந்துக்கு ஐந்து

கறுப்பு மார்க்கர் ஒன்றை என் கையில் திணித்துவிட்டு, சங்கச் செயலாளர் ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பினார்.

"ஆயிரம் இசைக் குறுக்கெழுத்துப் புதிர் கண்ட நம்ம ஐயா, இப்ப உங்க கண் முன்னாடியே ஒண்ணு போடப் போறார்! சின்னதுதான், அஞ்சுக்கு அஞ்சு. முதல் சொல்லை மட்டும் நீங்க குடுங்க!"

அழைப்பிதழில் இது இல்லை.

பாராட்டு, கேடயம், நன்றியுரை. அவ்வளவுதான் என்று அச்சடித்திருந்தார்கள். நான் எழுதி எடுத்து வந்த நன்றியுரை சட்டைப் பையில் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

பலகையில் முன்பே கோடு போட்டு வைத்திருந்தார்கள். இருபத்தைந்து வெற்றுக் கட்டங்கள்.

இரண்டாம் வரிசையில் என் சம்பந்தி குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். என் மகளை அவர் வீட்டில் கொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய உறவினர் எல்லோரிடமும் 'வாரப் பத்திரிகையில் பெயர் வருகிற குடும்பம்' என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசினாராம். பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு விடைகூடத் தப்பாத பெயர். அது இந்த மண்டபத்தில், முந்நூறு பேர் முன்னிலையில், ஒரு மார்க்கரால் கவிழப் பார்த்தது.

முதல் வரிசையில் என் மனைவி. அவளையும் மேடையில் உட்கார வைக்கவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது நான்தான் மறுத்தேன். எங்கள் வீட்டுப் பெண்கள் மேடை ஏறுவதில்லை. கல்யாணப் பத்திரிகையைத் தவிர அவர்கள் பெயர் வேறெதிலும் அச்சேறியதும் இல்லை. என் அப்பா போட்ட கோடு அது. நான் தாண்டியதில்லை.

அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள்.

வரும் வழியில், காரில், "பலகையில எழுதச் சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "யார் சொல்லப் போறா? பேசாம வா" என்றேன்.

"நாதசுரம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கைதட்டினார்கள். மேல் வரியில் எழுதினேன். நா, த, சு, ர, ம். ஐந்து கட்டத்துக்கு ஐந்து எழுத்து. கச்சிதமாகப் பொருந்தியதில் எனக்கே ஒரு கணம் பெருமையாக இருந்தது.

பிறகுதான் பார்த்தேன். கடைசிக் கட்டத்தில் 'ம்' போய் உட்கார்ந்துவிட்டது. அதற்குக் கீழே ஒரு வெள்ளைக் கட்டம். அங்கிருந்து இறங்கும் சொல் 'ம்' என்று தொடங்கவேண்டும். அப்படி ஒரு சொல்லை எந்த வித்துவானும் கேட்டிருக்கமாட்டான்.

மார்க்கர் நுனி பலகையில் பட்டபடி நின்றது. ஒரு கறுப்புப் பொட்டு மெல்ல ஊறிப் பெரிதாயிற்று.

முதல் வரிசையின் ஓரத்தில், ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஒருவர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரம் புதிருக்கும் விடை எழுதி அனுப்பிய மனிதர். அவரைப் பாராட்டவும்தான் இந்தக் கூட்டம்.

"சார், கறுப்புக் கட்டத்தை அடைக்காமலே சொல்லை எழுதிட்டீங்களே? நாங்க விடை எழுதறவங்கதான் அப்படிச் செய்வோம்!"

வேடிக்கையாகத்தான் சொன்னார். சிலர் சிரித்தார்கள். சம்பந்தி சிரிக்கவில்லை, பக்கத்திலிருந்த தம் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

மயங்கி விழுவதுபோல் நடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். எங்கள் பரம்பரையில் யாரும் மேடையில் விழுந்ததில்லை.

"ஏங்க!"

என் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டாள். சமையலறையிலிருந்து கூப்பிடுகிற அதே குரல்.

"கண்ணாடியைப் போட்டுக்கங்க. அந்த 'ம்'முக்குக் கீழ அடைக்க விட்டுட்டீங்க பாருங்க. யாராவது நாதசுரம்னுதான் சொல்வாங்கன்னு காலைல காப்பி குடிக்கறப்பவே சொன்னீங்களே! நடுவுல சுருதி இறங்கும், அது முடியற இடத்துல கோயில் மேளம் திமிலை குறுக்கே போகும், அதுலேருந்து குரலுக்கு மிடறு, ஓரத்துல நாட்டை ராகம்னு. பாடம் மாதிரி ஒப்பிச்சுட்டு இப்ப மறந்துட்டு நிக்கறீங்க."

மண்டபமே சிரித்தது. இது நல்ல சிரிப்பு.

காலையில் நான் பேசியது சட்டைப் பொத்தானைப் பற்றி மட்டும்தான்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். 'ம்'முக்குக் கீழே அடைத்தேன். சுருதி இறங்கியது. திமிலை குறுக்கே போயிற்று. மிடறு, நாட்டை. மிச்சக் கட்டங்களைக் கறுப்பாக்கினேன். ஒன்றுகூட இடிக்கவில்லை.

"பார்த்தீங்களா! ஐயாவோட இருந்து இருந்து அம்மாவுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு!" என்றார் செயலாளர். சம்பந்தி எழுந்து நின்று கைதட்டினார்.

தபால் அதிகாரி தட்டவில்லை. பலகையையே சற்று நேரம் பார்த்தார். பிறகு இருக்கையை விட்டு எழுந்து என் மனைவியிடம் போனார்.

"அடுத்த வாரப் புதிர் கொஞ்சம் சுலபமா இருக்கட்டும்மா" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பலகையைப் பார்த்தேன்.

"கீழே ஒரு கையெழுத்துப் போடுங்க ஐயா. சங்கத்துல மாட்டி வைக்கறோம்" என்றார் செயலாளர்.

போட்டேன். மார்க்கர் எங்கும் நிற்காமல் ஓடியது.

பத்தொன்பது ஆண்டுகளாக, வாரம் தவறாமல், புதிரில் நான் செய்துவருகிற வேலை அது ஒன்றுதான்.