வளையாத கை

அறிவியல் நாடகத்தில் திவாகரன், உடலில் நோயை எதிர்க்கும் டி செல்லுக்கு இரையைப் பிடித்துக்கொடுக்கும் துணை ஏற்பி. 'துணை' என்ற சொல்லுக்காகவே அந்த வேடத்தைக் கேட்டு வாங்கினான். நோயுற்ற செல்லாக வரும் பெனிட்டாவை அவன் தன் ஸ்பாஞ்சுக் கையை வளைத்துப் பிடித்துக்கொண்டால்தான் டி செல் அவளை அடையாளம் கண்டு கொல்லும். அவள் சாவதைப் பார்க்க மனம் வராமல், மேடையேறும் முன் கைக்குள் மூங்கில் குச்சியைச் செருகிவிட்டான். கை வளையவில்லை. டி செல் அவளைக் கடந்து போயிற்று. நோய் பரவி, மற்ற செல்களெல்லாம் செத்து விழுந்து கைதட்டல் வாங்கின. திரை மூடியது.

"உன்னக் காப்பாத்திட்டேன் பெனி."

"லூசாடா நீ? நான் சாகறதப் பாக்க எங்கப்பா லீவு போட்டு வந்திருக்காருடா!"

திவாகரன் திரையின் இடுக்கு வழியே பார்த்தான். முன்வரிசையில் ஒருவர், உயர்த்திய செல்போனை இன்னும் இறக்காமல், மகள் சாவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.