முனீஸ்வரனுக்கு ஒரு சுருட்டு

மைசூருக்கு வந்து முப்பது வருடமாகியும் நிர்மலாவின் வீட்டில் சொந்த ஊரான ஹனூரின் வழக்கம் மாறவில்லை. மாப்பிள்ளை கொண்டுவரும் சுருட்டைச் சாமியாடி கடைசி வரை அணையாமல் இழுத்தால்தான் முனீஸ்வரன் கல்யாணத்துக்குச் சம்மதித்ததாக அர்த்தம். ஏழு இடம் தட்டிப்போன மதனுக்கு நிர்மலாவின் சம்பந்தத்தை விட்டால் வேறு கதியில்லை.

"காஞ்சா வெடிச்சிடுங்க. ஈரத்துணியில சுத்தி வைங்க" என்று நிர்மலாவே போனில் சொல்லியிருந்தாள். அந்த அக்கறையில் உருகி அப்படியே செய்தான்.

பூசைக்கு முந்தின நாள் எடுத்துப் பார்த்தால், சுருட்டு ஊறிப் புடைத்திருந்தது! வெயிலில் வைத்தால் மேல் இலை மட்டும் காய்ந்து விரிசல் விடும். பதறிப்போய் லீவு போட்டு, அரிசி டப்பாவுக்குள் புதைத்து, மணிக்கொரு தரம் அமுக்கி அமுக்கிப் பார்த்தான்.

மறுநாள் சாமியாடி குப்குப்பென்று இழுத்து, முழுச் சுருட்டையும் சாம்பலாக்கினார்.

"சாமி உத்தரவு குடுத்துருச்சு, மாப்ள!" என்று நிர்மலாவின் அப்பா அய்யாவு அவனைக் கட்டிக்கொண்டார்.

மதன் நிர்மலாவிடம் ஓடினான். "நீங்க சொன்னது தப்புங்க. ஈரம் கூடினா புகையிலை உப்பி, உள்ள காத்து போற வழி அடைச்சிக்கும். பாதியிலேயே அணைஞ்சிடும்."

"தெரியும்" என்றாள் நிர்மலா, கண்ணைத் துடைத்தபடி. "அதனாலதான் சொன்னேன்."