மூன்று நாள், ஒரு தூண்டில்

“உந்தத் தூண்டிலை விளக்குமாறு மாதிரிப் பிடிக்காதை!”

குணசேகரம் மேசையில் அடித்த அடியில், விரித்திருந்த மலை வரைபடத்தின் மேல் தேத்தண்ணி சிந்தியது. ரிஷானி தூண்டிலைச் சுவரில் சாத்திவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“எனக்கு மீன் மணமே ஒத்துக்கொள்ளாது. பதினஞ்சு கிலோப் பையைச் சுமந்துகொண்டு மலை ஏறுற ஆசையும் இல்லை. ஏனப்பா என்னைப் போட்டு வதைக்கிறியள்?”

“ஆசை இருக்கோணும். ஒக்டோபர் ரெண்டாம் கிழமை, மூண்டு நாள். முதல்லை இருந்து சொல்லு.”

குணசேகரத்துக்குச் சுவிஸின் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இராச் சாப்பாட்டுக்கும் இடையில் மூன்று மணித்தியாலம் ஓய்வு கிடைக்கும். அதில் ஒரு மணித்தியாலம் ஏற்கெனவே சண்டையில் போய்விட்டது.

ரிஷானி பல்லைக் கடித்துக்கொண்டு தொடங்கினாள். “வெள்ளி விடிய ரயில். பிறகு மஞ்சள் போஸ்ட் பஸ். பூங்கா வாசல்லை இறங்கி நாலு மணித்தியாலம் நடை. அண்டைக்கு மலைக் குடில்லை தங்கல். அடுத்த நாள் மேல் ஏரியிலை மீன்பிடி.”

“என்ன மீன்?”

“ஃபொரெல்லெ.”

“சின்னனா இருந்தால்?”

“திருப்பித் தண்ணிக்கை விடோணும். அந்த மீனுக்கு இருக்கிற மரியாதை கூட எனக்கு இந்த வீட்டிலை இல்லை.”

“வாய் காட்டாதை. அனுமதிச் சீட்டு எங்கை எடுக்கிறது?”

“நீங்கள் எடுத்திட்டியளோ?”

“நான் எடுத்தனோ இல்லையோ, அது உனக்குத் தேவையில்லை. எங்கை எடுக்கிறது எண்டு சொல்லு!”

சுவரோரம் வெள்ளைச் சட்டையொன்றுக்கு அயன் போட்டுக்கொண்டிருந்த அம்மா இராஜேஸ்வரி திரும்பினாள். “மெல்லக் கதையுங்கோ. கீழ்வீட்டுக்காரி பிறகு சத்தமெண்டு கடிதம் எழுதுவாள்.”

“எழுதட்டும்! இவளுக்குப் போன வருசம் வந்த கடிதம் காணாதோ?” என்றார் குணசேகரம். “சினேகிதியளோடை படம் பாக்கிறன், கோயில்லை சின்னப் பிள்ளையளுக்கு டான்ஸ் பழக்கிறன் எண்டு நீட்டி முழக்கினாய். என்ன நடந்தது?”

“டான்ஸ் பழக்கிறது பிழையோ?” ரிஷானியின் குரல் உடைந்தது. “சொல்லுங்கோ அப்பா, பிழையோ?”

“பிழையெண்டு நான் சொன்னனோ?”

“நீங்கள் ஒருநாளாவது அந்த மலையிலை ஏறியிருக்கிறியளோ?”

குணசேகரம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். மலை எப்போதும் போல அங்கேதான் நின்றது. “சனி ஞாயிறிலை மலை ஏறிப்போட்டு வாற ஆக்களுக்கு ஆர் சமைக்கிறது?” என்றார். “நான்தான். இந்தத் திட்டம் முழுக்க என்னோடை வேலை செய்யிற வால்டர் எழுதித் தந்தது. தூண்டிலும் அவன்ரைதான். இனியொருக்கா, முதல்லை இருந்து.”

அவள் சொன்னாள். ஐந்து மணிக்கு அவர் வேலைக்குத் திரும்பும் வரை, பஸ் நேரமும் குடிலின் பெயரும் தடுமாறாமல் வரும் வரை, ஏழு தடவை சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ரிஷானி அந்த வெள்ளைச் சட்டையோடு அவர்களுடைய கிராமத்து ஊராட்சி அலுவலகப் படிகளில் ஏறினாள். குணசேகரம் சமையலறைக் காற்சட்டையைக் கூட மாற்றாமல் ஓடிவந்து வெளியே வாங்கில் உட்கார்ந்தார். “சிரிச்ச முகமா இரு பிள்ளை,” என்றார் கதவு சாத்துவதற்குள்.

உள்ளே நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த நரைமீசைக்காரருக்கு முன்னால் அவளுடைய குடியுரிமை விண்ணப்பம் கிடந்தது. போன வருடம் அதே நாற்காலியில் இருந்துதான் அவர் அவளுடைய நடனத்தைக் கேட்டுவிட்டு, “இந்த மண்ணோடு ஒட்டவில்லை” என்று எழுதி அனுப்பியிருந்தார்.

“ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?”

ரிஷானி சொன்னாள். ரயில், மஞ்சள் பஸ், நாலு மணித்தியால நடை, குடில், மேல் ஏரி, ஃபொரெல்லெ. எல்லாவற்றையும் அந்தப் பள்ளத்தாக்கின் இழுவையோடு சுவிஸ் ஜெர்மனில் சொன்னாள்.

நரைமீசைக்காரரின் முகம் மலர்ந்தது. “அடடே, அந்த ஏரிக்கா போகிறீர்கள்! அடுத்த கிழமை மேலே பனி விழலாம். தடித்த காலுறை கொண்டுபோங்கள்.”

பக்கத்தில் இருந்த பெண் ஒரு கட்டத்தில் சரி போட்டாள். ரிஷானிக்கு நெஞ்சு கொதித்தது. பிள்ளைகளின் கால்களுக்குச் சலங்கை கட்டிவிட்ட நாலு வருடத்துக்குக் கிடைக்காத சரி, அவள் தொட்டே பார்க்காத ஒரு மீனுக்குக் கிடைத்திருந்தது. வெளியே இருக்கும் அப்பாவை நினைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். கன்னம் வலித்தது.

“நல்லது, கடைசியாக ஒன்று.” அவர் விண்ணப்பத்தைப் புரட்டவே இல்லை. மூடிவைத்துவிட்டு அன்பாகக் கேட்டார். “நீங்கள் சுவிசுக்கு வந்து எத்தனை வருடம்?”

இந்தக் கேள்விக்கு அப்பா ஒன்றும் பாடமாக்கித் தரவில்லை. ரிஷானியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“இருபத்தாறு.”

“ஓ, நீண்ட காலம்! இப்போது உங்களுக்கு என்ன வயது?”

“இருபத்தாறு.”